மரத்துக்குப் போட்ட கூட்டம்

மரத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். குடும்பமே கூடிப் பேசுகிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய மரமில்லை. ஒரு முழ உயரம்கூட வராது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய, ஆழமில்லாத ஒரு தொட்டி. அதில் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஃபைகஸ் போன்சாய். இதற்காக மூத்தவன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்திருந்தான். மகள் டியூஷன் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கடைக்குட்டி மடிக்கணினியை மூடியே வைத்திருந்தான். அவன் கல்யாணத்தன்றுகூட அது மூடியிருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

இவர்கள் மூவரையும் பெற்றவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் இருந்ததால் அந்த இடத்திலும் இருந்தாள், அவ்வளவுதான். காலடியில் அவளுடைய பெட்டி கட்டி வைத்திருந்தது. அன்றைக்கு அவளுக்கும் வீடு மாறுகிற நாள்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் எக்ஸ்ரே அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்துவிட்டு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய், "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள் பாருங்கள், குடித்துவிட்டு அடிபட்டு வந்தவன்கூட ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவான். ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். அப்புறம் எலும்பு எது நிழல் எது என்று டாக்டர் தலையைச் சொறிய வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களை அசையாமல் நிறுத்தியே பழகியவளைத்தான், பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் அவள் கணவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்த கையோடு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த வாடகை வீட்டைப் பிள்ளைகள் காலி செய்தார்கள். அம்மா தனியாக எப்படி இருப்பாள் என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்களே தவிர, அதை அவளிடமே கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூத்தவன் வங்கி அதிகாரி. எதையும் சரிசமமாக வகுத்துவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். நான்கு மாதத்துக்கு ஒரு வீடு என்று அம்மாவுக்கு முறை போட்டான்.

அத்தோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பாள். "அந்த மரம் அப்பாவோடது. மூணு பேருக்கும் உரிமை இருக்கு" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதற்கும் முறை போட்டார்கள். அப்போது மூத்தவன் ஒரு நியாயம் கண்டுபிடித்தான்.

"அம்மாவும் மரமும் ஒரே வீட்டுல இருந்தா, ஒருத்தருக்கே ரெண்டும் சேர்ந்த மாதிரி ஆயிடும். பிரிச்சு வச்சாத்தான் சரி."

இரண்டும் சேர்ந்தால் லாபமா சுமையா என்று அந்த நியாயஸ்தன் சொல்லவில்லை. ஆக, அவள் ஒரு வீட்டில், மரம் இன்னொரு வீட்டில், மூன்றாவது வீட்டுக்கு லீவு. முறை மாறுகிற நாளில் கடைக்குட்டியின் காரில் மரம் வந்து இறங்கும். அதே காரில் அவள் ஏறிப் போவாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் அவளும் மரமும் முகம் பார்த்துக்கொள்வது. கைதியைப் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட இதைவிடக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள்.

அதுகூடப் பொறுத்துக்கொள்வாள். ‘அப்பாவோட மரம்’ என்ற பேச்சைக் கேட்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா செய்தது இவ்வளவுதான். ஒரு கண்காட்சியில் பார்த்தார், "அடடா" என்றார், வாங்கி வந்தார், ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கமான மனுஷன், அதில் குறையில்லை. ஆனால் தங்கமான மனுஷன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று எங்கே எழுதியிருக்கிறது? அதை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவள் அவள். தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட்டவள் அவள். கிளைக்குக் கம்பி சுற்றி வளைத்து, கம்பி பட்டையில் பதிவதற்குள் பிரித்தெடுத்தவள், வெட்டின இடத்தில் வடிகிற பாலைப் பஞ்சால் ஒற்றியவள், வேர் பெருத்துத் தொட்டியை அடைக்கும்போது சீவிவிட்டு மண் மாற்றியவள், எல்லாம் அவள்தான்.

ஒரு கிளையிலிருந்து நூல் மாதிரி ஒரு விழுது தொங்க ஆரம்பித்தபோது, அது காற்றில் காய்ந்துவிடாமல் மண்ணைத் தொட வேண்டுமே என்று ஒரு வழி செய்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைக் குழாய் மாதிரி சுருட்டி, உள்ளே ஈரப் பாசியை அடைத்து, விழுதை அதற்குள் இறக்கிவிட்டாள். யாருடைய விலா எலும்போ அந்த மரத்தின் விழுதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பாதி தூரம் வந்திருந்த நேரத்தில்தான் கணவர் போனார், வீடு போனது, மரமும் முறைக்குப் போனது.

மகள் வீட்டில் அதை டிவி பக்கத்தில் வைத்தார்கள். மண்ணே தெரியாதபடி கலர் கூழாங்கல் பரப்பினார்கள். இலை பளபளக்க வேண்டுமென்று எண்ணெய் தடவினார்கள். மூத்தவன் வீட்டில் போனில் அலாரம் வைத்து, மழை பெய்தாலும் புயல் அடித்தாலும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர். கடைக்குட்டி அதைத் தன் ஏசி அறையில், மேஜைக்குப் பின்னால் வைத்தான். வைத்த வேகத்தில் எக்ஸ்ரே குழாயைப் பிய்த்துக் குப்பையில் போட்டான்.

"வீடியோ கால்ல பின்னாடி யாரோட எலும்போ தெரியுதும்மா. ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றான் போனில்.

"டேய், விழுது காஞ்சு போயிடும்டா!"

"நீ எதுக்கும்மா டென்ஷன் ஆகறே? நீ ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனைக் கையில் கிடைத்தால் அவள் என்ன செய்வாளோ. மூன்று வீட்டிலும் அவளுக்கு அதுதான் வேலை. அடுப்பங்கரைக்குப் போனால், "நீங்க போய் உக்காருங்க அத்தை." துணி மடிக்கப் போனால், "விடும்மா, நான் பாத்துக்கறேன்." உட்கார்ந்து உட்கார்ந்து சோபா தேய்ந்ததுதான் மிச்சம். அவளைத் தேடி ஒழுங்காக வருகிற போன் ஒன்றே ஒன்றுதான். கூட வேலை பார்த்த ஹெட் நர்ஸ் மாதம் தவறாமல் கூப்பிட்டு, ஒரே பாட்டைப் பாடுவாள். "மாடி ரூம் பூட்டியே கிடக்குது. கிழக்கு ஜன்னல். எலிக்குக் கொடுக்கறதுக்கு உனக்குக் கொடுக்கிறேன், வாயேன்டி." இவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். பிள்ளைகள் மனசு சங்கடப்படுமே என்று இருந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவள் பிள்ளைகள் மனம் கல்லுமில்லை. கல்லாயிருந்தால் ஒரே இடத்திலாவது கிடந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, இவர்களுடைய ஒப்படைக்கும் வழக்கம். மரத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், தொட்டி வழியவழியத் தண்ணீர் ஊற்றுவார்கள். தன் வீட்டில் காய்ந்தது என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். அடுத்த வீட்டுக்காரர்கள் மரம் வந்து இறங்கியதும் இன்னொரு முறை ஊற்றுவார்கள், வந்ததும் கவனிக்கவில்லை என்ற பேச்சு வரக் கூடாதாம். பழி வராமல் இருக்க ஊற்றின தண்ணீரிலேயே மரத்துக்கு வேர் அழுகியது.

அவளுக்கும் இதே மரியாதைதான். வீடு மாறுவதற்கு முந்தின வாரம் ரத்தப் பரிசோதனை, பிரஷர், சர்க்கரை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் வாயால் வந்த பிறகுதான் காரில் ஏற்றுவார்கள். ஏறுவதற்கு முன் ஒரு போட்டோ. மரத்துக்கும் ஒரு போட்டோ. இரண்டும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஏறும். கீழே மூத்தவன் வங்கிப் பாஷையில் எழுதுவான்: ‘நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது.’ உடனே மற்ற இருவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அம்மாவுக்கு ஒரு விரல், மரத்துக்கு ஒரு விரல்.

இந்த முறை மரத்துக்கு யாராலும் விரல் தூக்க முடியவில்லை. கடைக்குட்டி காலையில் அதைக் கொண்டுவந்து மூத்தவன் வீட்டுக் கூடத்தில் இறக்கியபோது, கிளைகளில் எண்ணி நாலு இலை இருந்தது. மிச்சமெல்லாம் கார் சீட்டில் கிடந்தன. விழுது கருகிய நூலாகத் தொங்கியது. தொட்டியிலிருந்து புளித்த வாடை வந்தது. கைவைக்கப் போன எக்ஸ்ரே அம்மாவை, "நீ கையை அழுக்காக்கிக்காதேம்மா" என்று மகள் தடுத்துவிட்டாள். அதனால்தான் இந்த அவசரக் கூட்டம்.

"நான் நெட்ல நிறைய வீடியோ பாத்துட்டேன்" என்று கடைக்குட்டி ஆரம்பித்தான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். இவன் பல வீடியோ கண்டவன். "தப்பு நம்மளோடதுதான் அண்ணா. இந்த மரத்தை இடம் மாத்தவே கூடாதாம். ஒரு இடத்தோட வெளிச்சம், காத்து, சூடு எல்லாத்துக்கும் அது மெதுவாப் பழகுமாம். பழகி வர்ற நேரத்துல தூக்கிட்டுப் போனா ஷாக் ஆகி இலையைக் கொட்டிடுமாம்."

"ஐயோ, நாம வருஷத்துக்கு மூணு தடவை தூக்கிட்டுப் போறோமே!" என்று மகள் கன்னத்தில் கை வைத்தாள். "பாவம்டா. வாயில்லா ஜீவன். அதுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒவ்வொரு தடவையும் புது இடம், புது மனுஷங்க..."

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. வாயுள்ள ஜீவன் ஒன்று பக்கத்திலேயே பெட்டியோடு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் யார் பார்வையும் படவில்லை.

மூத்தவன் தொண்டையைச் செருமினான். "உரிமை, முறை எல்லாம் மனுஷங்க நாம பாத்துக்கறது. அதுக்கு என்ன தெரியும்? நாம விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும். எந்த வீட்டுல அதுக்கு நல்லதோ அங்கயே இருக்கட்டும்."

"உங்க பால்கனியிலதான் வெயில் நல்லா வரும் அண்ணா" என்றான் கடைக்குட்டி.

"அப்ப இங்கயே இருக்கட்டும். இனிமே அதை யாரும் அசைக்கக் கூடாது. சரிதானே?"

சரி என்றார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இத்தனை வருஷத்தில் மூன்று பேரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. மகள் மரத்தை நோக்கி, "இனிமே உனக்கு நிம்மதி" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூத்த மருமகள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். மூத்தவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரிம்மா, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு. தங்கச்சி வீட்டுக்குப் போகணும்ல. போற வழியில டிராபிக் ஆயிடும். பிரஷர் மாத்திரையைப் பெட்டியில வச்சுட்டியா?"

எக்ஸ்ரே அம்மா டீயைத் தொடவில்லை. பெட்டியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மூன்று முகங்களையும் வரிசையாகப் பார்த்தாள். இவர்கள் தெரிந்தேதான் பேசுகிறார்களா? நடிக்கிறார்களா? இல்லை. நிஜமாகவே உறைக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கெட்ட பிள்ளைகளாக இருந்தால் நாலு திட்டுத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம். இவர்கள் நல்லவர்கள். மரத்துக்காக அழுகிற அளவுக்கு நல்லவர்கள்.

கடைக்குட்டி பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"அசையாதீங்க!"

ஆஸ்பத்திரிக் குரல். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வெளியே எடுக்காத குரல். குனிந்தவன் குனிந்தபடி நின்றான். மூத்தவனின் டம்ளர் பாதி வழியில் நின்றது. மகள் கண்ணைத் துடைத்த கையை எடுக்கவில்லை.

"மூணு பேரும் அப்படியே இருங்க. இப்பதான் உள்ளே என்ன இருக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியுது. மரத்தை இடம் மாத்தக் கூடாது. ஷாக் ஆயிடும். வெளிச்சம் பழகணும், காத்து பழகணும். எவ்வளவு நல்லாப் பேசினீங்க! என்னை இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை தூக்கிட்டுப் போனீங்க? ராத்திரி எழுந்தா பாத்ரூம் எந்தப் பக்கம்னு சுவத்தைத் தடவறேன்டா நான்! ஒரு வீட்டுல சுவிட்ச் இடது பக்கம், ஒரு வீட்டுல வலது பக்கம். எனக்குப் பழக வேண்டாமா? மரத்துக்கு இலை கொட்டினா உங்களுக்குத் தெரியுது. எனக்கு எது கொட்டினா தெரியும்?"

"அம்மா, நீயும் மரமும் ஒண்ணா..." என்று மகள் தொடங்கினாள்.

"ஒண்ணில்லடி. மரத்துக்குக் கூட்டம் போட்டீங்க. எனக்குப் போட்டது காலண்டர்."

மூத்தவன் டம்ளரைக் கீழே வைத்தான். வங்கியில் கோபமான வாடிக்கையாளரைச் சமாளிக்கிற சிரிப்பு ஒன்று அவனிடம் உண்டு. அதை எடுத்து முகத்தில் வைத்தான்.

"சரிம்மா, இப்ப என்ன, இங்கயே இருக்கணுமா? இரு. ஆனா இவளுக்கும் வேலை ஜாஸ்தி..." என்று மனைவி பக்கம் கையைக் காட்டினான்.

"என் தலையை எதுக்கு உருட்டறீங்க?" என்றாள் மருமகள் பட்டென்று. "அத்தை இருந்தா எனக்கு என்ன வேலை? அவங்களை ஒரு வேலை செய்ய விடாதேன்னு சொன்னது நீங்கதானே?"

எக்ஸ்ரே அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு நாக்கு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இரண்டு பேருமாகப் பேசிப் பொழுதாவது போக்கியிருக்கலாம்.

"இங்கயும் வேண்டாம், எங்கயும் வேண்டாம்" என்றாள். "ஹெட் நர்ஸ் வீட்டு மாடி ரூம் இருக்கு. என் பென்ஷன் எனக்குப் போதும். நான் அங்க போறேன். மரமும் என்கூட வருது."

இதற்குத்தான் பதறினார்கள். அம்மா போகிறாள் என்றபோது வராத பதற்றம், மரம் போகிறது என்றதும் வந்தது.

"அது அப்பாவோட மரம்மா! உன்கிட்ட மட்டும் எப்படி..." என்றாள் மகள்.

"உங்கப்பா அதைக் கண்காட்சியில பாத்தார். நான் வளர்த்தேன். உங்களையும் அப்படித்தான்" என்றாள். சொன்ன பிறகு, செத்த மனுஷனை இழுத்துவிட்டோமே என்று ஒரு கணம் இருந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. உண்மைதானே.

"அம்மா, அது ஏற்கெனவே செத்துட்டிருக்கு" என்றான் கடைக்குட்டி, நிமிர்ந்து. "இன்னொரு தடவை இடம் மாத்தினா போயே போயிடும்."

அவள் எழுந்து மரத்தின் பக்கத்தில் போய், அடிமரத்தில் கட்டை விரல் நகத்தால் லேசாகக் கீறினாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. கீறல் ஓரத்தில் ஒரு துளி பால் துளிர்த்தது. மூவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"உசிரோடதான் இருக்கு. நானும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் இது கடைசி மாத்தல். பெட்டியைத் தூக்கு. வண்டியை எடு. போற இடத்தை நான் சொல்றேன்."

"யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?" மூத்தவன் குரல் இறங்கிவிட்டது. "மூணு பிள்ளை இருந்தும் அம்மா தனியா இருக்காங்கன்னா, எங்களைத்தானே பேசுவாங்க?"

"இடம் மாத்தினா இலை கொட்டுதுன்னு சொல்லு. உனக்கே இன்னைக்குத்தானே புரிஞ்சுது."

மருமகள் வாசல் வரை வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தவளின் மடியில் தொட்டியை வைத்து, "நான் வரும்போது பழைய எக்ஸ்ரே படம் ஏதாவது கிடைச்சா எடுத்துட்டு வரட்டுமா அத்தை?" என்று கேட்டாள். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஹெட் நர்ஸ் வீட்டு மாடி அறைக்குப் போனதும், இருந்த நாலு இலையும் கொட்டியது. அவள் கலங்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்து, அழுகின வேரையெல்லாம் ஹெட் நர்ஸின் பழைய கத்தரிக்கோலால் வெட்டியெறிந்து, சரளை கலந்த புது மண்ணில் நட்டு, கிழக்கு ஜன்னலில் வைத்தாள். விரலை விட்டுப் பார்ப்பாள், ஈரமிருந்தால் சும்மா விட்டுவிடுவாள். சும்மா விடுவதுதான் பெரிய வேலை. அவள் பிள்ளைகளுக்கு அது மட்டும் வரவே வராது.

மூன்று பேரும் முறை வைத்துப் போன் செய்தார்கள். எடுத்ததும் ஒரே கேள்வி. "மரம் எப்படிம்மா இருக்கு?" அவளும் ஒரே பதில் சொல்வாள். "இருக்கு." வைத்துவிடுவாள். வைத்த பிறகு அரை மணி நேரம் ஹெட் நர்ஸிடம் பொரிந்து தள்ளுவாள். "பாத்தியாடி, இன்னைக்கும் மரத்தைத்தான் கேக்கறான்!"

மொட்டைக் கிளைகளின் நுனியில் ஊசி மாதிரி மொட்டுகள் வந்து, அவை விரிந்து இலையான பிறகு ஒரு நாள் மூத்தவன் கூப்பிட்டான்.

"துளிர்த்துடுச்சாமே, இவ சொன்னா. ஒரு போட்டோ அனுப்பும்மா. குரூப்ல போடறேன்."

"போட்டு, கீழே என்ன எழுதுவே?"

மறுமுனையில் சத்தமே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று அவள் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மா," என்றான் கடைசியில். "நீ எப்படி இருக்கே?"

கோபம் தீர்ந்துவிட்டதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். தீரவில்லை, நன்றாகவே இருந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கறே. போன்ல சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க. வந்து நேர்ல கேளுங்க. போட்டோவும் அப்ப எடுத்துக்கோ. நானும் மரமும் அசையாமத்தான் இருப்போம். படம் கலங்காது."